எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னவன்

1

என் மகன் மேல் மேற்கொண்டு நடவடிக்கை எதுவும் இல்லை என்று போலீசிலிருந்து கடிதம் வந்த அன்று என் வீட்டுக்காரர் கேக் வாங்கி வந்தார். கிரீம் பூசி, மேலே செர்ரி வைத்த பெரிய கேக். அவன் பிறந்த நாளுக்குக்கூட அவர் அவ்வளவு பெரிதாக வாங்கியதில்லை. இங்கிலாந்தின் வடக்கே, பஞ்சாலைகள் மூடிக்கிடக்கிற ஒரு ஊரில் நாங்கள் இருக்கிறோம். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். நினைத்த நேரத்தில் கேக் வாங்குகிற அளவுக்கு வந்துவிட்டோம் என்பது ஊரில் இருக்கிறவர்களுக்குச் சந்தோஷமான செய்தியாக இருக்கலாம்.

நடந்தது இதுதான். மகன் அருணுக்குப் பதினாலு வயது. இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சாமான் வைக்கிற மரக் கொட்டகை எரிந்து சாம்பலானது. ஆள் யாருக்கும் காயமில்லை. இரண்டு பையன்கள் ஓடியதை எதிர் வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். ஒருவன் அருண். மற்றவன் கெவின், அருணைவிட ஒரு வயது சின்னவன். வீட்டில் வைத்து வளர்க்க ஆள் இல்லாத பிள்ளைகளுக்காக நகராட்சி நடத்துகிற காப்பகத்தில் இருந்தவன். அருண் வக்கீல் சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. கெவின், எல்லாம் நான்தான் செய்தேன் என்று சொல்லிவிட்டான். அருண் வீட்டுக்கு வந்தான். கெவினைத் தூரத்தில், கதவு பூட்டி வைக்கிற ஒரு இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

கேக்கை வெட்டி ஆளுக்கொரு தட்டில் வைத்தேன். அருண் பாதி தின்றுவிட்டுச் சொன்னான். ஆங்கிலத்தில்தான் சொன்னான். வீட்டில் அவன் தமிழ் பேசுவதை நிறுத்தி வெகு காலமாகிறது.

"லைட்டர் என்னுடையது அம்மா. பற்ற வைத்ததும் நான்தான். கெவின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதான்."

என் வீட்டுக்காரர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர் எல்லையை ஒட்டிய ஊர்க்காரர். எத்தனை வருடம் வெள்ளைக்காரர்களோடு வேலை பார்த்தாலும் வாயில் அந்த ஊர்ப் பேச்சு மாறவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்: "முடிஞ்சு போச்சுல்ல கண்ணு, உடு. இனி இந்த ஊட்டுல அதப் பத்தி ஆரும் பேச வேண்டாம்."

இனி அதைப் பற்றி யாரும் பேச வேண்டாம். இதே பேச்சை என் தம்பிக்காக ஒரு தேயிலைத் தோட்டத்து லயமே சேர்ந்து சொல்லி நான் கேட்டிருக்கிறேன். எனக்கு அன்றைக்குக் கேக் இறங்கவில்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

வெளிநாட்டில் சட்டம் எவ்வளவு மனுஷத்தனமாக இருக்கிறது என்று எழுதினால் உங்களுக்குப் படிக்க நன்றாக இருக்கும். அதையும் எழுதிவிடுகிறேன், பொய்யில்லை.

இங்கே ஒரு பிள்ளையைப் போலீஸ் விசாரிக்க வேண்டுமானால் பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அருணுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். டேப் ரிக்கார்டரைப் போட்டுவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தார்கள். 'நீ எதுவும் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை' என்று அந்த அதிகாரி அருணுக்கு நிதானமாகச் சொன்னார். புரிந்ததா என்று என்னிடமும் கேட்டார். நான் நம் ஊர் வழக்கப்படி தலையை ஆட்டினேன். அவர் மறுபடி முதலிலிருந்து விளக்கினார். மறுபடி ஆட்டினேன். மறுபடி விளக்கினார். கடைசியில் அருண்தான், "அம்மா தலையை ஆட்டினால் சரி என்று அர்த்தம்" என்றான், வெட்கத்தில் முகம் சிவந்து. பதினேழு வருடம் இந்த நாட்டில் நோயாளிகளுக்கு ஊசி போட்டிருக்கிறேன். பயம் வந்தால் என் தலை இன்னும் நான் பிறந்து வளர்ந்த ஏலப்பாறையில்தான் ஆடுகிறது.

அரசாங்கமே வக்கீலும் கொடுத்தது. சின்ன வயதுப் பெண். அருணைத் தனியே கூப்பிட்டு, எதைக் கேட்டாலும் பதில் சொல்ல விருப்பமில்லை என்று மட்டும் சொல்லு என்றாள். அவன் அப்படியே சொன்னான். அதிகாரி கோபப்படவில்லை, மேசையைத் தட்டவில்லை, கன்னத்தில் அறையவில்லை. நடுவில் டீ கொடுத்தார்கள்.

வெளியே வந்தபோது நடையில் ஒரு பெஞ்சில் கெவின் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் நகராட்சி அனுப்பிய ஒரு அம்மாள். அவனை அவள் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறாள் என்பது அவள் அவன் பெயரைக் காகிதத்தில் பார்த்துப் பார்த்துச் சொன்னதிலேயே தெரிந்தது. வக்கீல் வேண்டுமா என்று அவனிடமும் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். பதின்மூன்று வயதுப் பையன் வேண்டாம் என்று சொன்னால் சரி என்று விட்டுவிடுகிற மரியாதையும் இந்தச் சட்டத்தில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் அவன் நாலைந்து தடவை சாப்பிட்டிருக்கிறான். ரசத்தைக் கப்பில் ஊற்றித் தரச் சொல்லிக் குடிப்பான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

3

எங்கள் தேயிலை எஸ்டேட் கேரளத்து மலையில், ஏலப்பாறைக்கு மேலே இருந்தது. அப்பா மருந்தடிக்கிற கேங்கில், அம்மா கொழுந்து பறிப்பில். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கிற வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் 'நூறு' என்பார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்திருந்த நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். தம்பி சுடலைமுத்துவுக்குப் பதினாலு வயது நடந்துகொண்டிருந்தது. முத்து என்றுதான் கூப்பிடுவோம்.

தேயிலைக் காட்டுக்குக் கீழே ஒரு முதலாளியின் ஏலத்தோட்டம் உண்டு. காயை உலர்த்திக் குவித்து வைக்கிற ஸ்டோரின் பின்பக்கத்தில் ஒரு பலகை ஆடிக்கொண்டிருந்ததை எங்கள் எஸ்டேட் சூப்பர்வைசரின் மகன் பாபு பார்த்து வைத்திருந்தான். பாபுவுக்கு அப்போதே மீசை வந்துவிட்டது. அவனும் லயத்துப் பையன்கள் இரண்டு பேரும் முத்துவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சந்தில் நுழைகிற உடம்பு அவனுக்குத்தான் இருந்தது. ஒரு சாக்கு காய் எடுத்தார்கள். கம்பம்மெட்டில் கேள்வி கேட்காமல் வாங்குகிற கடை இருக்கிறது, எல்லாரும் சினிமா பார்க்கலாம், புரோட்டா தின்னலாம் என்பது திட்டம். அதுவரைக்கும் சாக்கை எங்கள் வீட்டுக் கோழிக்கூண்டுக்குள் வைத்தார்கள். ஏலக்காயை ஒளித்து வைக்க முடியும் என்று நினைத்தவர்கள் எவ்வளவு சின்னப் பிள்ளைகள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். விடிந்தபோது லயம் முழுக்கப் பாயசம் கொதிக்கிற வாசனை.

எங்கள் லயத்தில் எந்தக் குற்றமும் மாரியம்மன் கோயிலில்தான் முடியும். செய்தவன் சூடம் கொளுத்தி, தன் வாயால் 'நான்தான் செஞ்சேன்' என்று சொல்ல வேண்டும். அவன் தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார்கள். ஈரத்தோடு கோயிலைச் சுற்றி வந்தால் தீர்ந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுப்பவன்தான் குற்றவாளி. பல பேர் சேர்ந்து செய்ததாக இருந்தால், அவர்களில் வயதில் சின்னவன் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்வான். சின்னப் பிள்ளை வாயிலிருந்து வந்தால் அம்மனுக்குக் கோபம் தணியும் என்று நம்பிக்கை. மற்றவர்கள் வீட்டிலிருந்து தேங்காயும் எண்ணெயும் வந்துவிடும். யார் வீட்டுத் தேங்காய் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள். பெயர் சொல்லாமல் இருப்பதுதான் அதில் மரியாதை.

கோயில் தலைவராக இருந்தவர் தங்கையா மாமா. நல்ல மனுஷர், இப்போதும் அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. முத்துவின் தோளைப் பிடித்துக் கோயில் முன்னால் நிறுத்தி, "பயப்படாதல. எல்லாத்துக்கும் சேத்து நீ சொல்லிரு. தண்ணிய ஊத்தி முடிச்சிருவோம்" என்றார். முத்து சொன்னான். குளிரில் பல் தந்தி அடிக்கச் சுற்றி வந்தான். சூப்பர்வைசர் வீட்டிலிருந்து பெரிய தேங்காயாக வந்திருந்தது. அம்மா அவன் தலையைத் துவட்டிவிட்டு, சூடாக, பால் விடாத கட்டன் சாயா கொடுத்தாள். எங்கள் வரையில் விஷயம் முடிந்துவிட்டது.

ஏலத்தோட்ட முதலாளி எங்கள் கோயிலுக்கு வரி கொடுப்பவர் இல்லை. அவர் அதற்குள் போலீசுக்குப் போயிருந்தார்.

4

மறுநாள் ஜீப் வந்தது. தங்கையா மாமா முன்னால் போய், "சார், நாங்க பேசி முடிச்சிட்டோம். பையன் கோயில்ல வச்சு ஒத்துக்கிட்டான். சாக்கும் இந்தா இருக்கு, ஒரு காய் கொறையல" என்றார். எல்லாவற்றையும் நேர்மையாகச் சொல்லிவிட்டால் ஜீப் திரும்பிப் போய்விடும் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

"சம்மதிச்சோ?" என்று, ஒத்துக்கொண்டானா என்கிற அர்த்தத்தில், மலையாளத்தில் கேட்டார் சப் இன்ஸ்பெக்டர். "ஆரொக்கே கேட்டு?"

யாரெல்லாம் கேட்டீர்கள் என்று கேட்டதும் லயம் முழுவதும் முன்னால் வந்தது. நான் கேட்டேன், நானும் கேட்டேன் என்று போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். பையன் ஒளிக்கவில்லை, யோக்கியமாகச் சொல்லிவிட்டான் என்று அவனுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுப்பதாக எண்ணம். அவர்கள் எல்லாரும் அரசாங்கத் தரப்புச் சாட்சிகள் ஆகிக்கொண்டிருந்தார்கள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் மலையாளம் படித்திருந்த எனக்குக் கொஞ்சம் விளங்கியது. அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அப்பா, நாலு பேரு போனாங்கன்னு சொல்லுங்க. இவன் மட்டுமில்லன்னு சொல்லுங்க."

"சும்மா இரு தாயி" என்றார் அப்பா. "அம்மன் முன்னால சொன்னத மாத்தச் சொல்லுதியா? அது அவனுக்குத்தான் ஆகாது."

கோர்ட்டு எந்த ஊர் என்று நான் எழுதப் போவதில்லை. அந்த ஆட்களின் பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். எங்களுக்கு வக்கீல் இல்லை. வக்கீல் வைப்பது குற்றம் செய்தவர்கள் செய்கிற வேலை என்று எங்கள் லயத்தில் நினைப்பு. போகிற வழியெல்லாம் தங்கையா மாமா முத்துவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்: "கோயில்ல சொன்னதையே அங்கயும் சொல்லு. ஒரு சொல்லு மாறக் கூடாது. கையெடுத்துக் கும்பிடு. நீதிபதியும் புள்ள குட்டிக்காரர்தான்."

மாஜிஸ்திரேட்டும் கெட்டவர் இல்லை. இந்தக் கதையில் எனக்குப் பிடித்து வைத்து வைய ஒரு கெட்டவன் கிடைக்கவில்லை என்பதுதான் என் ஆத்திரம். மேசைக்கு மேல் தலை மட்டும் தெரிந்த பையனைப் பார்த்து, "நீ ஒற்றைக்கோ?" என்று கேட்டார். தனியாகவா செய்தாய் என்று ஒரு சிப்பந்தி தமிழில் சொன்னார். முத்து திரும்பிப் பார்த்தான். தங்கையா மாமா தலையை அசைத்தார். அவருக்குப் பக்கத்தில் பாபுவின் அப்பா குடையை ஊன்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றார்.

"எல்லாம் நான்தான் செஞ்சேன் சாமி" என்றான் முத்து.

அவ்வளவு கனமான சாக்கை நீ ஒருவனாகத் தூக்கினாயா என்று அவர் மறுபடி கேட்டார். அவர் ஒரு வழியைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார் என்று இன்றைக்கு எனக்குப் புரிகிறது. "நான்தான் தூக்கினேன்" என்று சொல்லிக் கும்பிட்டான் என் தம்பி. எங்கள் ஆட்களின் முகத்தில் திருப்தியைப் பார்க்க வேண்டும். ஒரு சொல் மாறாமல் சொல்லிவிட்டானே.

பதினெட்டு வயதாகும் வரை என்று தீர்ப்பானது. எங்கே அனுப்புகிறார்கள் என்று அம்மா சிப்பந்தியிடம் கேட்டாள். துர்குண பரிகார பாடசாலை என்றார் அவர். கெட்ட குணத்தைப் போக்குகிற பள்ளிக்கூடமாம். அம்மாவுக்குக் கடைசிச் சொல் மட்டும் போதுமாக இருந்தது. அங்கே மதியம் சோறு போடுவார்களா என்று கேட்டாள். அதற்குப் பிறகு யார் விசாரித்தாலும் மகன் கீழ்நாட்டில் தங்கிப் படிக்கிறான் என்று சொல்ல ஆரம்பித்தாள். முதலில் மானத்துக்காகச் சொன்னாள், பிற்பாடு அவளே நம்பிவிட்டாள்.

5

பதினெட்டு முடிந்து முத்து திரும்பி வந்தபோது நான் வளைகுடாவுக்குப் போவதற்கான ஏற்பாட்டில் இருந்தேன். அவன் வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று லயத்துக்கு வந்தேன்.

லயத்து ஆட்கள் வழக்கத்தை ஒரு இம்மி பிசகாமல் காப்பாற்றினார்கள். தண்ணீர் ஊற்றி முடித்த விஷயம் அல்லவா, அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. எப்படி இருந்தாய் என்று கேட்கவில்லை. அதைப் பேசாமல் அவனிடம் பேச வேறு என்ன இருக்கிறது? ஆகவே அவனோடும் பேசவில்லை. குழாயடிக்கு அவன் போனால் குடத்தை நகர்த்தி இடம் விட்டார்கள், அவ்வளவு மரியாதை. அம்மாவுக்கு ஒரே பெருமை. "பாத்தியா, ஒரு சனம் வாயத் தொறக்கல" என்றாள்.

முத்து என்னிடம் சொன்னான்: "அக்கா, ஒருத்தனாவது 'ஏல திருட்டுப் பயலே'ன்னு கூப்பிட்டா நல்லாருக்கும். நானும் ரெண்டு வார்த்த வைவேன்."

எஸ்டேட்டில் அவனுக்கு வேலை இல்லை என்று ஆபீசில் சொன்னார்கள். போலீஸ் கேசில் பெயர் இருக்கிறதாம். வேலை செய்யாத வயது வந்த ஆணுக்கு லயத்தில் இடமும் இல்லை. அதே ஆபீசில் பாபு உட்கார்ந்திருந்தான். அவனுடைய அப்பா கேட்டுக்கொண்டதால் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. முத்து வருவதைப் பார்த்தால் சாலையின் அந்தப் பக்கம் போய்விடுவான். அவனும் வழக்கத்தைத்தான் காப்பாற்றினான்.

அந்தப் பாடசாலையில் முத்துவுக்குத் தையல் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கம்பம்மெட்டுக்குப் போய் ஏலக்காய்க் கடைகளில் சாக்கு வாய் தைக்கிற வேலைக்குச் சேர்ந்தான். அரசாங்கம் கொடுத்த கல்வி வீண் போகவில்லை. ஆனால் மலையில் எங்கே காய் களவு போனாலும் ஜீப் முதலில் அவன் குடிசைக்கு வந்தது. ஸ்டேஷனில் உட்கார வைத்து, நாலு தட்டுத் தட்டி, மறுநாள் அனுப்புவார்கள். பெண் கொடுக்கப் பேசி வந்தவர்கள் அதைக் கேள்விப்பட்டுத் திரும்பிப் போனார்கள். அப்புறம் யாரும் பேசியும் வரவில்லை. ஒரு தடவை சின்னப் பிள்ளையாக எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னவனிடம், பிறகு மலையில் நடந்த எல்லாவற்றுக்கும் பதில் கேட்டார்கள்.

நம் ஊரில் சட்டம் ஒரு பக்கம், ஜனங்கள் ஒரு பக்கம் என்று பேசுவார்கள். நான் பார்த்தவரையில் இரண்டும் கைகோத்துக்கொண்டுதான் நடந்தன. சட்டம் அவன் சொன்னதை மறக்க மாட்டேன் என்றது, ஜனங்கள் நினைக்கவே மாட்டோம் என்றார்கள். நடுவில் என் தம்பி நசுங்கினான்.

6

இங்கே தமிழ்க்காரர்கள் மாதம் ஒரு முறை ஒரு சர்ச் ஹாலை வாடகைக்கு எடுத்துக் கூடுவோம். பிள்ளைகள் ஒரு மூலையில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்க, நாங்கள் மற்ற மூலையில் அவர்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பது பற்றிப் பேசுவோம். கேக் தின்ற வாரம் நானும் போயிருந்தேன். விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒரு டாக்டரின் மனைவி என் கையைப் பிடித்து, "நல்ல வேளை. அந்த மாதிரி காப்பகத்துப் பசங்களோட சேர விடாதீங்க. அவங்க ரத்தமே அப்படி" என்றாள். லயத்துப் பையன்கள் அப்படித்தான் என்று ஏலப்பாறைக் கடைவீதியில் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தப் பேச்சு இப்போது எனக்கு ஆறுதலாகச் சொல்லப்பட்டது. நான் முன்னேறிவிட்டேன் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

வீட்டுக்கு வந்து அருணைக் கேட்டேன். "கெவின் ஏன் அப்படிச் சொன்னான்?"

அவன் டிவியைப் பார்த்தபடியே சொன்னான். "ஓடி வரும்போதே சொல்லிவிட்டான். உன் வீட்டில் ரகளை ஆகும், எனக்குத் திட்டுவதற்கு யாரும் இல்லை, நானே சொல்லிக்கொள்கிறேன் என்றான்."

"நீ என்ன சொன்னாய்?"

"தேங்க்ஸ் என்றேன்."

ஞாயிற்றுக்கிழமை முத்துவோடு பேசுகிற நாள். மலையடிவாரத்துக் கம்பம் டவுனுக்கு இறங்கி வந்து, ஒரு போன் பூத்தில் உட்கார்ந்திருப்பான். நான் கூப்பிடுவேன். அருண் விஷயத்தை அதுவரை அவனிடம் மறைத்திருந்தேன். அன்று எல்லாவற்றையும் சொன்னேன். லைட்டரையும் சொன்னேன், தேங்க்ஸையும் சொன்னேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அருணு நல்லாருக்கானா?" என்றான்.

"இருக்கான்."

"அந்தப் பையன யாராச்சும் போயிப் பாத்தீங்களா?"

"இல்ல" என்றேன்.

"அங்கன ஞாயித்துக்கிழமைதான்க்கா பாக்க விடுவாங்க" என்றான் முத்து. எந்த ஊரைச் சொல்கிறான் என்று எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. "காலையிலயே தல சீவி, சட்ட மாட்டி உக்காந்திருப்பேன். பேரு கூப்பிட்டு முடிச்சிட்டு கேட்ட சாத்துவாங்க. அம்மா ஒரு தடவ வந்தா. பாவம், அவ்வளவு தூரம். நீ ரெண்டு தடவ வந்த. மத்த நாளெல்லாம் நான் அம்மாவ எதிர்பாக்கல."

"வேற யாரை?"

"பாபுவத்தான். ஒரு நாள் வருவான்னு நெனச்சேன். நான் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டேன்க்கா. வந்து, கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போயிருக்கலாம். நானும் சேந்துதான்லே செஞ்சேன்னு அவன் வாயால ஒரு தடவ எங்கிட்டச் சொல்லியிருந்தாப் போதும்."

பூத்துக்காரர் ஏதோ சொன்னது கேட்டது. பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று முத்து போனை வைத்துவிட்டான்.

7

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. மகனுக்காகப் பயப்படுகிற மனுஷர். "ஏம்புள்ள, நம்ம பையன் ஊட்டுக்கு வந்துட்டான்ல? அந்தப் பையனுக்குத் துணிமணி ஏதாச்சும் அனுப்பி உடு, நான் வேண்டாங்கல. போயிப் பாத்தா அவன் எதுனாச்சும் பேசி, எவனாச்சும் அதக் கேட்டு, நம்ம பையன மறுபடி இழுத்துட்டுப் போயிட்டா என்ன பண்றது?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. பாபுவின் அப்பாவும் இதே கேள்வியைத் தன் வீட்டில் கேட்டிருப்பார்.

அருணிடமும் சொன்னேன். போனால் அங்கே என்ன பேசுவது என்று கேட்டான். பேச வேண்டாம், உட்கார்ந்துவிட்டு வரலாம் என்றேன். அவன் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அந்த இல்லத்தின் நம்பரைக் கண்டுபிடிக்க இரண்டு அலுவலகங்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. முதல் அலுவலகத்தில் என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லியே காலைப்பொழுது போனது. இரண்டாவதில் என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். நேற்று, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், கடைசியாக இல்லத்துக்கே போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். இளகிய குரல். கெவின் நன்றாக இருக்கிறான், ஆனால் பார்க்க வருகிறவர்கள் என்று இதுவரை யாரும் இல்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று கேட்டேன். வரலாம்தான், ஆனால் வழக்கமாகக் குடும்பத்தாரைத்தான் அனுமதிப்பார்கள், நீங்கள் அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள்.

நண்பனின் அம்மா என்று சொல்லியிருக்கலாம். தெரிந்தவள் என்று சொல்லியிருக்கலாம். ரசம் குடிக்க வருவான் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். வாயில் அத்தனையும் வந்து நின்றது. எதையாவது ஒன்றைச் சொல்லியிருந்தால் அவள் எழுதிக்கொண்டு, சரி வாருங்கள் என்றிருப்பாள்.

"தீ வைத்தது என் மகன்" என்றேன். "உங்களிடம் இருக்கிற பையன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவன்."

அந்தப் பக்கத்தில் பேனாச் சத்தம் நின்றது. தன் மேலதிகாரியைக் கூப்பிடட்டுமா, நீங்கள் சொன்னது என்னவென்று உங்களுக்குத் தெரிகிறதா என்று கேட்டாள். தெரியும் என்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு ஆண் குரல் வந்தது. தன் பெயரைச் சொல்லிவிட்டு, என்னை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னது.

சொன்னேன்.